வாய் மட்டும் இரவல்

ஜூன் 10, 2024

கரண்ட் இல்லை. ஷூட்டிங்கும் இல்லை. பெங்களூர்ல கன்னடப் படத்து ஹீரோவுக்கு முட்டியில ஆபரேஷன். "ரெண்டு மாசம் கழிச்சுக் கூப்பிடறோம் மேடம்"னு அனுப்பி வச்சுட்டாங்க. மேடம் இப்போ உத்திரமேரூர் வீட்ல நைட்டியோட உக்காந்து ஊறுகாய்க்கு மாங்கா நறுக்கறாங்க.

எதிர்வீட்டு சிட்டம்மாள் அக்கா வந்தாங்க. என் தெலுங்குப் படம் ஒண்ணைத் தமிழ்ல மாத்தி நேத்து டிவியில போட்டிருக்கான்.

"ஏம்மே இளவரசி, படத்துல மட்டும் ஒன் கொரலு தேனாட்டம் கீது. இங்க வந்தா தகர டப்பாவ ஒதைக்கற மாரி கீதே, இன்னா விசயம்?"

"அது நான் பேசலக்கா. வேற ஒருத்தவங்க பேசறது."

"ஐய! அப்ப நீ இன்னாதான் பண்ணுவ அங்க?"

அம்மா சிரிச்ச சிரிப்புல முறத்துலேருந்து ஒரு மாங்கா உருண்டு ஓடிப் போச்சு. எனக்குத்தான் சுருக்குனு இருந்துச்சு. மெய்யாலுமே நான் இன்னாதான் பண்றேன் அங்க?

கணக்குப் போட்டா நாலு பாஷையில நடிச்சாச்சு. ஏனாத்தூர்ல காலேஜ் படிக்கறப்ப ஒரு குறும்படம். அதைப் பாத்து கன்னடத்துல கூப்பிட்டாங்க. இளவரசிங்கற பேர் அவங்க வாய்ல நுழையல. ஜோசியர் ஒருத்தரு ராத்திரியோட ராத்திரியா என்னை இலாக்ஷி ஆக்கிட்டாரு. அப்புறம் தெலுங்கு. அங்க வசனம் மனப்பாடம் ஆகலன்னா ஒகட்டி, ரெண்டு, மூடுனு எண்ணிக்கினே நடிக்கலாம், பின்னால ஒருத்தி வந்து பேசிக்குவா. அப்பா சாகற சீன்ல நான் முப்பத்தேழு வரைக்கும் எண்ணி அழுதேன். தியேட்டர்ல ஜனம் தேம்புச்சாம்.

மலையாளத்துல மட்டும் நானே பேசினேன். நடிக்கும்போதே சத்தத்தையும் சேத்துப் புடிக்கற படம் அது. பிரிஸ்கில்லா சேச்சினு ஒருத்தங்க பக்கத்துலயே உக்காந்து மழ, புழ, வழி, கோழினு என் நாக்கை மடக்கி மடக்கி ஒடச்சாங்க. உத்திரமேரூர்க்காரிக்கு ழ சொல்லிக் குடுத்தது கேரளா. இதை வெளியில சொல்லாத இளவரசி.

சொந்த பாஷையிலயாவது விடுவாங்கன்னு பாத்தேன். ரெண்டு தமிழ்ப் படம். ரெண்டுலயும் ஷீபா அக்காதான் எனக்கு டப்பிங். "ஹீரோயின் ஐடில வேலை பாக்கற பொண்ணும்மா. நீ வாயைத் தொறந்தா நாத்து வாசனை வருது"ன்னாரு டைரக்டர்.

பெரிய ஆசையெல்லாம் இல்ல. தமிழ்ப் படம் ஒண்ணுல, தியேட்டர் இருட்டுல, என் குரல் கேக்கணும். ஒரே ஒரு படம். கேட்டா பேராசையா?

ஜூன் 13

தம்பி கலைச்செல்வன் ஒரு சேதி கொண்டுவந்தான். அவன்தான் என் மேனேஜர். மத்த நேரம் நெல் அறுக்கற மிஷின் ஓட்டறான். தமிழ்வாணன்னு டைரக்டர், முதல் படத்துலயே பேர் வாங்கினவரு. அடுத்த படம் நம்ம பக்கத்துக் கதையாம். ஹீரோயின் திருமுக்கூடல்காரி, நெல் அறுக்கற மிஷின் ஓட்டறவ. டப்பிங் கிடையாது, நடிக்கறவங்களே பேசணும்னு கண்டிஷன்.

"அக்கா, இது ஒனக்குன்னே எழுதின மாரி கீது"ன்னான்.

ஜூன் 15

ஆடிஷன் 22-ஆம் தேதி. வளசரவாக்கம். பெருமாளே!

ஜூன் 17

தென்னேரிப் பக்கம், அறுப்பு முடிஞ்ச காலி நிலத்துல கலை மிஷினை என் கைல குடுத்தான். நேரா ஓட்டினேன். வளைச்சும் ஓட்டினேன். நிறுத்தத்தான் தெரியல. வரப்பு போச்சு. நிலத்துக்காரர் வந்து, "சினிமாக்காரங்க செலவுல கட்டிக் குடுத்துடுங்க"னு சொல்லிட்டு என்கூட செல்ஃபி எடுத்துக்கினு போனாரு.

ஜூன் 19

நாலு நாளா ழ பயிற்சி. கேரளா பாடமெல்லாம் வெளிய எடுத்து தூசி தட்டியாச்சு. சுத்தமாப் பேசி தமிழ்வாணனை அசத்திடணும். போன தடவ நாத்து வாசனைன்னு சொன்ன வாயெல்லாம் மூடிக்கணும்.

காலையில நாஷ்டா முடிச்சுட்டு, "அம்மா, ஒரு வாழைப்பழம் எடு"ன்னேன். அம்மா திரும்பிப் பாத்தாங்க.

"இன்னா எடுக்கணும்?"

"வாழைப்பழம்."

"ஏன்டி, வாயில கொயுக்கட்டைய அடக்கிக்கினு பேசற மாரி கீது? சுளுக்கு கிளுக்கு புடிச்சுக்கப் போவுது. வாயப்பயம்னு சொல்லிட்டு எடுத்துத் துன்னுவியா..."

ரசனை கெட்ட குடும்பம்.

ஜூன் 22

முடிஞ்சது! ரெண்டு சீன் குடுத்தாங்க. மழை, கிழக்கு, பாழாப் போச்சு, வாழ்க்கைனு வரிக்கு வரி ழ. ஒண்ணு விடாம நிறுத்தி நிதானமா உருட்டினேன். பிரிஸ்கில்லா சேச்சி இருந்திருந்தா கட்டிப் புடிச்சிருப்பாங்க.

தமிழ்வாணன் தாடியைத் தடவிக்கினே, "ரொம்ப சுத்தமா இருக்குங்க"ன்னாரு. அப்புறம், "சொந்த ஊர் எதுன்னீங்க?"

"உத்திரமேரூர் சார்."

"அப்படியா?"ன்னாரு. ஆச்சரியப்பட்டுட்டாரு பாவம். கிடைச்ச மாதிரிதான்.

ஜூன் 27

கிடைக்கல.

அசிஸ்டெண்ட் பையன் போன் பண்ணினான். "நல்லா பண்ணீங்க மேடம். ஆனா ஊர்க்காரப் பொண்ணு மாதிரி தெரியலன்னு சார் ஃபீல் பண்றாரு. மும்பைலேருந்து தன்வினு ஒருத்தங்க, ப்ரொட்யூசரே ஃபிக்ஸ் பண்ணிட்டாரு."

நான் உத்திரமேரூர்க்காரி. ஊர்க்காரி மாதிரி இல்லியாம். மும்பைக்காரி திருமுக்கூடல் பொண்ணு மாதிரி கீறாளாம். இத்த நான் எங்க போய் சொல்லி அழறது?

வயித்தெரிச்சல்ல கலைக்கு ஒரு வாய்ஸ் நோட் போட்டேன். ஞாபகம் இருக்கற வரைக்கும் எழுதறேன்: "டேய் கலை, கேட்டியாடா சேதிய? நான் ஊர்க்காரி மாரி இல்லியாம்டா! அந்தத் தாடிக்காரரு கண்ணாடிய தொடச்சிப் போட்டுக்கினு பாக்கட்டும். எங்க களத்துல வந்து அர நாளு நிக்கச் சொல்லு, தூசில மூக்க சிந்திக்கினு ஓட்றாரா இல்லியான்னு. மும்பையிலேர்ந்து இஸ்துக்கினு வராங்களாம் ஒருத்திய. அதுக்கு மயை இன்னான்னு தெரியுமா? ஏரி ரொம்பி வயியறது தெரியுமா? பேஜாரா கீதுடா எனக்கு. நல்லா இருப்பாரா அந்த ஆளு?"

அனுப்பிட்டு மூஞ்சி கழுவிக்கினு வந்து பாத்தா, அது கலைக்குப் போகல. அசிஸ்டெண்ட் போனுக்கு அப்புறம் தமிழ்வாணனுக்கு 'பரவால்ல சார், நன்றி'னு மரியாதையா டைப் பண்ண வாட்ஸப்ல அவர் பக்கத்தைத் தொறந்து வச்சிருந்தேன். அதுலயே பேசிட்டேன்.

அழிக்கப் போறதுக்குள்ள ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சு.

கலை கேட்டுட்டுத் தரையில உருண்டு உருண்டு சிரிக்கறான். நானும் ஒரு தடவ போட்டுக் கேட்டேன். தேடிப் பாத்தாலும் ஒரு ழ இல்ல. அத்தனை நாள் ஒடிச்ச நாக்கு கோவத்துல ஒரு நிமிஷம்கூடத் தாங்கல.

ஜூன் 28

பதில் இல்ல. சினிமாவை வுட்டுட்டு ஊறுகாய் வியாபாரம் பண்ணலாமா?

ஜூலை 1

தமிழ்வாணனே கூப்பிட்டாரு. நான் எடுத்த எடுப்புல, "சார், அது வந்து, தம்பிக்கு..."னு ஆரம்பிச்சேன். மனுஷன் சிரிச்சுக்கினே கீறாரு.

"இந்தப் பொண்ணு ஆடிஷனப்போ எங்க போயிருந்தாங்க இளவரசி? நான் தேடினதே இவங்களைத்தான். அன்னைக்கு யாரோ செய்தி வாசிக்கற மாதிரி இருந்துச்சு."

நானே என் வாயாலயே கெடுத்துக்கினேன். சுத்தமாப் பேசிக் கெடுத்துக்கினேன். இப்படி ஒரு கேனச்சி ஊர்ல உண்டா?

"இப்ப ரோல் மாத்த முடியாதுங்க. தன்வி கையெழுத்துப் போட்டாச்சு. ஆனா அவங்களுக்குத் தமிழே வராது. என் கண்டிஷனை விட்டுட்டு டப்பிங்தான் பண்ணியாவணும். அந்தக் குரலை நீங்க..."

"நான் நடிகைங்க"னு சொல்லிட்டு கட் பண்ணிட்டேன். பண்ணிட்டு ரொம்ப நேரம் போனையே பாத்துக்கினு இருந்தேன்.

ஜூலை 3

வீட்ல பட்டிமன்றம்.

கலை: "நாலு பாஷ நடிகை நீ. இன்னொருத்திக்கு வாய் குடுத்தன்னா நாளைக்கு எவன் ஹீரோயின்னு கூப்புடுவான்? மூஞ்சி வேணாம், கொரல் மட்டும் குடும்மான்னு எல்லாரும் கெளம்பிடுவான்."

அம்மா: "கொரலத்தான கேக்கறாங்க? கிட்னியவா கேக்கறாங்க? இங்க எந்நேரமும் சொம்மாதான கத்திக்கினு கீறா, அங்க போய் கத்தட்டுமே."

ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் கீது. அதான் கடுப்பு.

ஷீபா அக்காவுக்கு போன் பண்ணினேன். அவங்க வாலாஜாபாத்காரங்க. மைக் போட்டா அமெரிக்கா ரிட்டர்ன், மைக்கை அணைச்சா வாலாஜாபாத்.

"அக்கா, உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா? பேசறது நீங்க, பேர் வாங்கறது நாங்க."

"கஷ்டந்தான் கண்ணு. ஒன் ரெண்டு படத்துலயும் மெய்யாலுமே அழுதது நான்தான். நீ கிளிசரின் போட்டுக்கினு நின்ன." அப்புறம் அவங்களே கேட்டாங்க: "ஒனக்கு இன்னா வேணும்? தமிழ்ல ஒன் மூஞ்சி தெரியணுமா, ஒன் கொரல் கேக்கணுமா? ரெண்டும் ஒண்ணா வரலன்னா எத்த எடுத்துப்ப? அத்த மொதல்ல முடிவு பண்ணு."

மூஞ்சி ஏற்கனவே ரெண்டு தமிழ்ப் படத்துல வந்தாச்சு. யாருக்கு ஞாபகம் கீது?

ஜூலை 4

தமிழ்வாணனுக்கு சரின்னுட்டேன். ஒரு கண்டிஷன்: முதல்ல ஓடற டைட்டில்ல குரலுக்குத் தனியா பேர் வரணும். இலாக்ஷி இல்ல. இளவரசி.

"கண்டிப்பா"ன்னாரு. கலை ராத்திரி சாப்பாட்டுக்கே வரல. மிஷின் ஷெட்லயே படுத்துக்கினான்.

ஆகஸ்ட் 26

பெங்களூர். ஹீரோ முட்டி சரியாயிடுச்சு. என்னைத் தூக்கிக்கினு ஓடற சீனை மட்டும் கதையிலேருந்து எடுத்துட்டாங்க. எனக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி.

நவம்பர் 18

வெளியில அடைமழை. ஸ்டுடியோவுக்குள்ள குளிர். டப்பிங் முதல் நாள். ஷீபா அக்கா துணைக்கு வந்தாங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தமிழ்வாணன். திரையில தன்வி, மிஷின் மேல ஏறி நின்னுக்கினு ஊரையே திட்டறா. நான் மைக் முன்னாடி நின்னேன். நின்னதும் வந்துச்சு பாரு ழ! வேணாம் வேணாம்னாலும் வருது. "மழை வரப் போவுது"னு அழகா உருட்டறேன். ஜூன்ல வேணும்னு கேட்டப்ப கூடவே இருந்துச்சு. இப்ப போய்த் தொலைன்னா போக மாட்டேங்குது.

தமிழ்வாணன் தாடியைத் தடவ ஆரம்பிச்சாரு. எனக்கு அழுகை வந்துடும் போல இருந்துச்சு. இதுவும் போச்சுன்னா?

ஷீபா அக்கா காதுல சொன்னாங்க: "நீ மைக்குக்குப் பேசற. அது ஒனக்கு வாத்தியார் மாரி தெரியுது. யார்கூடன்னா சண்டை போட்டுட்டு வா."

கலைக்கு போன் போட்டேன். "ஏன்டா, என் ஸ்கூட்டிய எடுத்துக்கினு போனியே, பெட்ரோல் போட்டியாடா? இன்னா? போடலியா? யார் வூட்டு வண்டின்னு நெனச்சுக்கினு கீற நீ?" அந்தச் சூடு ஆறறதுக்குள்ள மைக்குக்கு ஓடினேன். ஒரே டேக்! இன்ஜினியர் கண்ணாடிக்குப் பின்னால எழுந்து நின்னு கை தட்டறாரு.

அப்புறம் ஒவ்வொரு சீனுக்கும் இதே வேலைதான். சாயங்காலம் கலையே கூப்பிட்டான். "யக்கா, இன்னும் எத்தினி சீன் கீது? நான் எல்லாத்தையும் ஒத்துக்கறேன். பெட்ரோலும் போட்டுட்டேன். வுட்டுடு."

ஜூலையிலேருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கினு இருந்தவன், இன்னிக்குத்தான் சிரிச்சான்.

நவம்பர் 20

இன்னிக்கு அழுகை சீன். கதையில தன்வியோட அம்மா ஆஸ்பத்திரியில கீறாங்க. இவ வெளியில வந்து மரத்தடியில உக்காந்து தனியா பேசறா. ஷூட்டிங்ல புடிச்ச சத்தத்தை ஒரு தடவ ஓட விட்டாங்க.

ஏக், தோ, தீன், சார்...

அடிப்பாவி! நீயும் எண்றியா?

எண்ணிக்கினே அழறா. ஆனா அந்தக் கண்ணு பொய் இல்ல. யாரையோ நெனச்சுக்கினு இருக்கா, எங்கியோ தூரத்துல இருக்கற அவ வீட்டையோ, அவ அம்மாவையோ. பாஷை தெரியாத ஊர்ல நடு வெயில்ல உக்காந்து நம்பர் சொல்லிக்கினு அழறது இன்னான்னு எனக்குத் தெரியும். ஜூன்லேருந்து அவ மேல வச்சிருந்த ஆத்திரம் அங்கேயே போயிடுச்சு. கலைக்கு போன் போடல. அவ எண்ற ஒவ்வொரு நம்பருக்கும் என் வார்த்தைய வச்சுக்கினே போனேன். பதினெட்டுல என் குரல் ஒடஞ்சுது. பத்தொன்பதுல அவ கண்ணைத் தொடச்சா.

தமிழ்வாணன் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு.

பிப்ரவரி 15, 2025

நேத்து படம் ரிலீஸ். இன்னிக்கு எல்லாரும் மேட்னி போனோம். கலை, நான், சிட்டம்மாள் அக்கா, அம்மா. அம்மா பட்டுப் புடவை கட்டிக்கினு. "நான் படத்துல வரமாட்டேம்மா"ன்னு சொன்னாலும், "வராட்டி போ, நான் வருவேன்ல?"ங்கறாங்க.

டைட்டில்ல 'தன்விக்குக் குரல்: இளவரசி'னு தனியா வந்துச்சு. கலை விசிலடிச்சான். முன் சீட்ல ரெண்டு பேர் திரும்பி மொறச்சாங்க.

படம் ஓடுது. தன்வி வயக்காட்டுலேருந்து ஓடி வரா. வாசல்ல நின்னுக்கினு, "எம்மா! தண்ணி எடுத்துக்கினு வா!"னு கத்தறா.

எங்க அம்மா சீட்லேருந்து எழுந்துட்டாங்க. மெய்யாலுமே எழுந்து, இருட்டுல பையைத் துழாவி பாட்டிலை வெளிய எடுத்து, "இரு இரு, ஏன்டி கத்தற"ன்னு என் பக்கம் திரும்பி நீட்டறாங்க. நான் வாயை மூடிக்கினு உக்காந்திருக்கேன்.

அப்படியே நின்னாங்க. திரையைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. பின்னாலேருந்து, "உக்காரும்மா, மறைக்குது"ன்னான் ஒருத்தன். அம்மா உக்காந்தாங்க. அப்புறம் படம் முடியற வரைக்கும் என் கையை விடவே இல்ல. இத்தனை படத்துல இப்படி ஒரு சந்தோஷம் வந்ததே இல்ல.

பிப்ரவரி 19

விமர்சனம் எல்லாம் வந்துடுச்சு. 'தன்வியின் பேச்சில் திருமுக்கூடல் மண் மணக்கிறது.' 'மும்பைப் பெண் எப்படி இத்தனை இயல்பாகப் பேசினார்!' டைட்டில் ஓடும்போது இவங்கெல்லாம் பாப்கார்ன் வாங்கிக்கினு இருந்தாங்களா?

கலை ஏழெட்டு கள்ளப் பேர்ல உள்ள பூந்து, 'அது இளவரசி குரல்'னு கமெண்ட் போட்டுக்கினு கீறான். ஒண்ணு 'மும்பை ரசிகன்'ங்கற பேர்ல. நான் சிரிச்சுக்கினேதான் எல்லாத்தையும் படிச்சேன். அப்புறம் குளிக்கப் போய், குழாயைத் தொறந்து வுட்டுக்கினு நல்லா அழுதேன். ஆமா, வலிக்குது. வலிக்கலன்னு எழுத இன்னா அவசியம், இது என் நோட்டுதானே?

மார்ச் 4

ஹைதராபாத்லேருந்து போன். செகண்ட் ஹீரோயின், சித்தூர்ப் பக்கத்துப் பொண்ணு வேஷம். வழக்கம்போல, "டப்பிங்குக்கு நல்ல ஆள் இருக்காங்க மேடம், நீங்க கவலைப்படாதீங்க"ன்னாங்க.

"நேனே செப்புதானு"ன்னேன். நானே பேசறேன். வாய் அதுபாட்டுக்கு சொல்லிடுச்சு. மேனேஜர் கலை பக்கத்துல நெத்தியில அடிச்சுக்கறான்.

கொஞ்சம் கழிச்சு, "சரி, டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். உங்க தெலுங்குல கொஞ்சம் தமிழ் வாடை அடிக்குது. எல்லையில இருக்கற சித்தூர்தானே, பரவால்ல"ன்னாங்க. பன்னெண்டாம் தேதி போகணும்.

மார்ச் 9

அம்மாவோட காஞ்சிபுரம் போனேன். ஹைதராபாத் போறதுக்கு முன்னாடி கோயில், புடவைக் கடை, மார்க்கெட். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையோட மூஞ்சியையும் சேத்துச் சுத்திக்கினு இருந்தேன்.

அம்மா புளி வாங்கப் போன நேரத்துல நான் ஒரு காய்கறிக் கடையில கத்திரிக்கா பொறுக்கினேன். எல்லாம் முத்தல். "இன்னாக்கா, பாதி சொத்தையா கீது? பாத்துப் போடக் கூடாதா?"னு கேட்டேன்.

அந்தக்கா தராசை அப்படியே நிறுத்திட்டாங்க.

"இன்னொரு தபா சொல்லு?"

"இன்னாத்த?"

"சொத்தையா கீதுன்னியே, அத்த." சொன்னேன். கண்ணு பெருசாயிடுச்சு அவங்களுக்கு. "நீ மிஷின் ஓட்டற படத்துல வர பொண்ணுதான? மூணு தபா பாத்தேன்மா! மரத்தடியில ஒக்காந்து பேசுவியே, எங்கம்மா போனப்ப நானும் அப்படித்தான் பேசிக்கினு இருந்தேன். துப்பட்டாவ எடும்மா, பாக்கலாம்."

எடுத்தேன். அவங்க மூஞ்சி சுருங்கிப் போச்சு. மேலயும் கீழயும் பாத்தாங்க.

"கொரலு அதேதான். மூஞ்சிதான் வேறயா கீது."

"இன்னா பண்றதுக்கா, மூஞ்சிக்கு டப்பிங் போட்டுட்டாங்க."

நான் சிரிச்சேன், அவங்க சிரிக்கல. யோசிச்சாங்க. அப்புறம் பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பி, "யக்கோவ், இங்க வாங்களேன்! சீக்கிரம்! அந்தப் படத்துப் பொண்ணு வந்து கீது. பாக்காதீங்க, கண்ண மூடிக்கினு கேளுங்க!"

கீரை விக்கறவங்க வந்தாங்க. பூக்கார அம்மா வந்தாங்க. மூணு பேரும் கத்திரிக்கா குவியலுக்கு அந்தப் பக்கம் கண்ணை இறுக்க மூடிக்கினு, என் பக்கம் காதைச் சாய்ச்சுக்கினு நின்னாங்க.

நான் குவியல்லேருந்து ஒரு கத்திரிக்காயைக் கைல எடுத்தேன்.

"யக்கா, கத்திரிக்கா கிலோ இன்னா வெல?"ன்னேன்.

"அதேதான்! அதேதான்!"னு பூக்கார அம்மா கண்ணைத் தொறக்காமலே சொன்னாங்க. "பேசும்மா, இன்னும் கொஞ்சம் பேசு."